தூக்கிப் பார்த்து வாங்கிய வண்டி

ஊரையே மேலே ஏற்றி இறக்கும் லிப்ட் மெக்கானிக்குக்குத் தன் பைக்கைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் வேண்டும். நெடும்பயணத்துக்கென்று ஆசையாய் வாங்கிய அந்த யானை, பால் வாங்கப் போனால் தெருமுனையில் திரும்பும்போதே சாய்ந்துவிடும்.

அதனால் இரண்டாவதாக இலேசான வண்டி தேடினார். பழைய வண்டிக் கடையில் மைலேஜ் கேட்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் தரையில் படுக்கவைத்து நிமிர்த்திப் பார்த்தார். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஐந்தாவது வண்டி ஒற்றைக் கையில் எழுந்தது.

வீட்டு வாசலில் மனைவி அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"நல்லா பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க. இனிமே நான் ஆபீசுக்கு இதுலயே போயிக்கிறேன்."

"அப்போ நான் பால் வாங்க?"

"அதான் யானை இருக்கே. விழுந்தா போன் பண்ணுங்க, பின்னாடி ஒருத்தரை ஏத்திக்கிட்டு வந்துடுறேன். மூணு பேர் ஆயிடும்ல?"