பரீட்சை நாளில் வைத்த பிறந்தநாள் சூப்

பாங் பில்சுனை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சனி ஞாயிறு மாலைகளில் கொரியா முழுக்க அழவைத்த அந்தத் தொடரில், சோல் நகரத்து மேட்டுத் தெரு விடுதியில் முன்பின் தெரியாத ஆறு பேருக்குச் சமைத்துப் போட்டு, அவர்களை ஒரு குடும்பமாக்கினாளே அந்த விடுதிக்காரம்மா, அவள் முகம் பெரிய நடிகை ஒருத்தியுடையது. வெங்காயத்தாள் நறுக்கிய கை, கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாயை நீளவாக்கில் கிழித்து ஒவ்வொருத்தர் சோற்றின் மேலும் வைத்த கை, பில்சுனுடையது.

நடிகைக்குச் சமைக்க வராது. அதனால் கை மட்டும் தெரிகிற காட்சிகளில், நடிகையின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பில்சுன் வந்து உட்காருவாள். கேமரா மணிக்கட்டுக்கு மேலே ஏறாது. மற்ற நேரமெல்லாம் படப்பிடிப்புக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சமையல்கட்டில் எங்களோடு வேலை பார்த்தாள். அறுபதைத் தாண்டியவள். லைட் பையன் முதல் டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் 'பெரியம்மா'. வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி, ஊரின் வடமேற்கு மூலையில், பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குக் கீழும் இருக்கிற ஒற்றை அறைக்குப் போவாள். அங்கே அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அவளுக்கும் ஒரு காலத்தில் குடும்பம் இருந்தது. முட்டைக்கோஸ் லாரி ஓட்டிய ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அவருக்கு ஒன்பது வயதில் சோதாம் என்று ஒரு மகள். தாயை இழந்த பிள்ளை. பில்சுன் வந்த நாள் முதல் அந்தப் பெண் அவளை 'ஆஜும்மா' என்றே கூப்பிட்டாள். பஸ்ஸில் இடம் கேட்கிற பெண்பிள்ளையையும், சந்தையில் மீன் விற்கிறவளையும் கூப்பிடுகிற அதே சொல். பில்சுன் அதற்காக வருத்தப்படவில்லை என்று சொல்லுவாள். சொல்லும்போது கத்தி கொஞ்சம் வேகமாக ஓடும்.

சோதாமின் பதினெட்டாவது பிறந்தநாளும் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் ஒரே நாளில் வந்துவிட்டன. பிறந்தநாள் காலையில் தாய் கடற்பாசி சூப் வைத்துத் தர வேண்டும். அது இல்லாமல் பிறந்தநாளைக் கடந்தவள் யாருமற்றவள் என்று பொருள். பரீட்சை நாளிலோ அந்தச் சூப்பின் வாசனைகூட வீட்டில் அடிக்கக் கூடாது. கடற்பாசி வழுக்கும், குடித்தவள் பரீட்சையிலும் வழுக்கி விழுவாள். பிள்ளை பெற்ற எந்தத் தாயும் சூப்பை மாலைக்குத் தள்ளிவைத்திருப்பாள். அல்லது முதல் நாளே வைத்துக் கொடுத்திருப்பாள். பில்சுன் காலையிலேயே வைத்துவிட்டாள்.

ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். முள்ளங்கியைச் சீவிக்கொண்டே அவள் சொன்னாள்: "மாலையில வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா. வீட்டு வேலைக்குப் போன இடங்கள்ல, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காலையில சூப் வைப்பாங்க. நான் எடுத்துக்கிட்டுப் போய்க் கொடுப்பேன். எனக்கு யாரும் வச்சதில்ல. தாயில்லாத பொண்ணு, சூப் குடிக்காம வாசல் தாண்டக் கூடாதுன்னு மட்டுந்தான் நெஞ்சில நின்னுச்சு."

சோதாம் கிண்ணத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா இருந்திருந்தா இன்னைக்கு இதை வச்சிருப்பாங்களா, ஆஜும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு பரீட்சைக்குப் போனாள்.

தேறவில்லை. வீட்டுக்கு வந்த அத்தைக்காரி, அதாவது சோதாமின் அப்பாவுடைய அக்கா, மாற்றாந்தாய் வேண்டுமென்றே செய்த வேலை என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அந்தக் குளிர்காலத்திலேயே லாரிக்காரர் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். சாவு வீட்டில் சோதாம் இவள் பக்கம் திரும்பவில்லை. அத்தையோடு தேஜோன் நகரத்துக்குப் போனவள் போனவள்தான். அதற்குப் பிறகு போன் நம்பரும் மாறிவிட்டது. இரண்டாம் தாரத்துக்கும் மூத்தவள் மகளுக்கும் நடுவிலிருந்த ஒரே கயிறு அந்த மனிதர். அவரே போன பிறகு, எந்த அலுவலகத்தில் போய் எந்த உறவைச் சொல்லி இவள் விசாரிப்பாள்?

பன்னிரண்டு வருடம், ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சூப் ஊற்றிக் கெடுத்தவள் என்ற நினைப்போடு பில்சுன் தனியே சாப்பிட்டாள், தனியே படுத்தாள்.

தொடர் பாதி ஓடியிருந்தபோது, தொடருக்குக் கதை எழுதுகிற, மா என்ற பெயர்கொண்ட அம்மா சமையல்கட்டுக்கு வந்தார். தொடரில் விடுதியின் மாடியறையில் இருக்கிற பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது, விடுதிக்காரம்மா என்ன சமைப்பாள் என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். பில்சுன் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே தன் கதையை முழுக்கச் சொன்னாள். மா அம்மா மூக்கைச் சிந்தினார். இதை எழுதட்டுமா என்று தயங்கிக் கேட்டார்.

"எழுதுங்க," என்றாள் பில்சுன். "இந்தத் தொடரைப் பார்க்காத வீடு ஒண்ணு உண்டா? எங்கேயாவது அவளும் பார்ப்பா. நான் ஏன் அந்தச் சூப்பை வச்சேன்னு அவளுக்குத் தெரியணும். அது போதும்."

காட்சி வந்தது. ஆனால் தொடர் என்பது தொடர்தானே. மா அம்மா எழுதியதில், மாடியறைப் பெண் சூப்பைப் பார்த்துத் திகைக்கிறாள், சமைத்தவளின் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போய்ப் பரீட்சையில் தேறுகிறாள். திரும்பி வந்து விடுதிக்காரம்மாவை முதல்முறையாக 'அம்மா' என்கிறாள்.

சூப் ஊற்றுகிற கை பில்சுனுடையது. சூப் கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. டைரக்டர் நிறுத்தினார். மறுபடி எடுத்தார், மறுபடி நிறுத்தினார். "பெரியம்மா, இது பிறந்தநாள் சூப்பு, விஷமில்ல. தைரியமா ஊத்துங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பில்சுனும் சிரித்தாள். அடுத்த தடவை சரியாக வந்தது. கரண்டியின் அடியைப் பானை விளிம்பில் இரண்டு முறை வழித்துவிட்டு, சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.

சனிக்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. நாடே அழுததாக மறுநாள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பில்சுனின் போன் அடித்தது. திரையில் நம்பர் வராத அழைப்பு. எடுத்தாள்.

"ஆஜும்மாவா?"

பில்சுன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது உங்க கைதானே. கரண்டியை ரெண்டு தடவை வழிக்கிறதை வேற யாரும் பண்ணிப் பார்த்ததில்ல." பழைய குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது. எங்களுடைய படப்பிடிப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு, உறவுக்காரி என்று சொல்லி நம்பர் வாங்கினாளாம். "அவ குடிச்சுட்டா. நான் குடிக்கலையே. ஏன் மாத்தினீங்க?"

"நான் மாத்தலம்மா. எழுதறவங்க மாத்தினாங்க." பில்சுன் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆனா வேணாம்னு நான் சொல்லல. அப்படி நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு."

பிறகு சோதாம் சொன்னாள்: "அடுத்த வருஷமே எழுதித் தேறிட்டேன். தெரியுமில்ல? பல் டாக்டர்கிட்ட இப்ப வேலை பார்க்கறேன்."

பில்சுன் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாதா?" அந்தக் குரலில் முதல்முறையாக ஏதோ இளகியது. "அத்தை உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னதா சொன்னாங்களே. சேதி தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே, தொல்லை விட்டுச்சுன்னு நீங்க இருந்துட்டீங்கன்னு நான் நெனச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எவ்வளவு சொல்லியிருக்கலாம். அத்தையைத் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். தெரு வாசலில் எத்தனை மாலை நின்றேன் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். பில்சுனின் வாயில் வந்தது, நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற ஒன்றுதான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்," என்றாள் சோதாம். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு சின்னக் குழந்தை அம்மா, அம்மா என்று கூப்பிட்டது. "சரி, வச்சுடறேன்."

அவ்வளவுதான். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்று பில்சுனுக்குத் தெரியவில்லை. அந்த ஒற்றைக் குரலை வைத்து எப்படிச் சொல்ல முடியும் என்று எங்களிடமே இரண்டு முறை கேட்டாள். திருப்பிக் கூப்பிட நம்பரும் இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் இரண்டு கையிலும் பெட்டி தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டி நிறைய, காலையில் வேகவைத்து இறக்கிய அரிசிக் கேக். பிள்ளை பரீட்சையில் தேறினால் வீட்டுக்காரர்கள் பங்கிடுகிற பண்டம். சூடு ஆறுவதற்குள் கொட்டகை முழுக்கக் கொடுத்துக்கொண்டு போனாள்.

உதவி டைரக்டர் வாய் நிறைய அடைத்துக்கொண்டு, யார் தேறினது என்று கேட்டான்.

"என் பொண்ணு," என்றாள் பில்சுன். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"பரீட்சையே அடுத்த மாசந்தானே பெரியம்மா? வினாத்தாளை முன்னாடியே வாங்கிட்டாளா?"

"அவ அப்பவே எழுதிட்டா. எனக்குச் சேதி வந்து சேரத்தான் நாளாச்சு."

முகத்துக்குச் சொந்தக்கார நடிகையும் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். உங்களுக்குப் பெண் இருப்பதே தெரியாதே, உங்களோடுதான் இருக்கிறாளா என்று அன்பாகத்தான் கேட்டாள். பில்சுன் பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தினாள். இல்லை, அவளுக்கு வீடும் குழந்தையுமாக நிறைய வேலை என்று பதில் சொன்னாள்.

அன்றைக்கு எடுத்தது சாப்பாட்டுக் காட்சி. ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்திருக்க, பில்சுனின் கை ஒவ்வொரு கிண்ணமாகச் சோறு வைத்துக்கொண்டே வந்தது. படப்பிடிப்பு நடக்கும்போது யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. ஓ என்ற பெயர்கொண்ட ஒலிப்பதிவுக்காரர் இந்த விஷயத்தில் நடிகையைக்கூட விட்டதில்லை. பில்சுன் தன் போனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சுற்றிய பிறகும் அதன் முனை வெளியே தெரிந்தது. ஒலிப்பதிவுக்காரர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

அன்று முழுக்க அந்த போன் அடிக்கவில்லை.