மாமாவுக்கு நான் விட்டுக்கொடுத்த வீடு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாமா அந்தக் குட்டிக் கட்டடத்தின் முன் குனிந்து நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கொண்டாப்பூரில் ஒரு பில்டரின் விற்பனை அலுவலகம். கூடத்தின் நடுவில் பெரிய மேசை, அதன்மேல் கண்ணாடி மூடி, உள்ளே ஐந்து கோபுரங்கள். பஞ்சில் செய்த மரங்கள், நீலச் சாயம் பூசிய நீச்சல்குளம், விரல்நுனி அளவில் கார்கள். விற்பனைக்காரர் சிவப்பு ஒளிப்பொட்டு ஒன்றை ஒன்பதாவது மாடியில் நிறுத்தி, அதுதான் அங்கிளுடைய ஃப்ளாட் என்று இந்தியில் சொன்னார். மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல உங்க அத்தை நின்னு சமைக்கற ஜன்னல் எதும்மா?" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு ஜன்னலைக் காட்டினேன். எது சமையலறை என்று எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் அன்று காலைவரை அந்த வீடு என் பெயரில் இருந்தது.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். திருச்சிக்காரர். இருபத்திரண்டு வயதில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தவர், ஃபோர்மேனாக ஓய்வு பெறும்வரை குவார்ட்டர்ஸை விட்டு வெளியே குடியிருந்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் கழிந்தன. எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, கதவுக்கு மேல் கறுப்பில் எழுதிய எண். சுவரில் ஆணி அடிக்கக்கூட எழுதிக் கேட்க வேண்டும். சமையல் மேடை யாரோ ஓர் உயரமான இன்ஜினியர் குறித்த அளவில் இருந்தது. அத்தை குள்ளம். முப்பது வருஷமும் ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் சமைத்தாள்.

அந்தக் காலனியில் வீடு என்பது வாங்கும் பொருள் அல்ல, வரும் பொருள். அலுவலக வாசலில் சீனியாரிட்டிப் பட்டியலை ஒட்டுவார்கள். மாமா மாதாமாதம் போய்த் தன் பெயர் எத்தனாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். ஓர் அறை வீட்டிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு மாற ஒன்பது வருஷம் காத்திருந்தார். ஒருநாள் அலாட்மென்ட் லெட்டர் வந்தது, மறுவாரம் சாவி வந்தது. சாவிக்கு முன்னால் போய் வீட்டைப் பார்க்கும் வழக்கமே கிடையாது. பார்த்து என்ன செய்ய? பிடிக்கவில்லை என்றால் பெயர் கடைசிக்குப் போய்விடும். "காகிதம் கைக்கு வந்துடுச்சுன்னா வீடு வந்த மாதிரி" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அவர் அதில் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. ஏமாற்றாதவர்களிடமே ஆயுள் முழுக்க வாழ்ந்துவிட்ட மனிதருக்கு அறுபது வயதில் சந்தையைக் காட்டினால் என்ன ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

யோசிக்காதது அவர் விஷயத்தில் மட்டுமல்ல. எனக்கு அப்போது முப்பத்தொன்று, ஐ.டி. வேலை, கணவருக்கும் அதே வேலை. அலுவலகத்தில் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் எவன் எங்கே வாங்கினான் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. போன வருஷம் வாங்கியவன் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பந்திக்கு முந்து என்று யாரோ காதில் ஓதிக்கொண்டே இருந்த மாதிரி ஓர் அவசரம். அப்படித்தான் அந்த விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தோம். யாராவது முன்பணம் கட்டினால் அங்கே ஒரு பித்தளை மணியை அடிப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். நாங்கள் இருந்த அரைமணியில் மூன்று முறை மணி அடித்தது. கிழக்குப் பார்த்தது இன்னும் நாலுதான் மேடம், திங்கட்கிழமை ரேட் ஏறிவிடும் என்றார் விற்பனைக்காரர். அனுமதி வருவதற்கு முன்பே விற்கிற ப்ரீ-லாஞ்ச் அது. அனுமதியும், கட்டடத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ரேராவின் பதிவு எண்ணும் "ஒச்சேஸ்துந்தி மேடம்", இதோ வந்துவிடும் என்றார். நாங்கள் நிலத்தைப் போய்ப் பார்க்கவில்லை. பொம்மைக் கட்டடத்தைப் பார்த்தோம், காப்பி குடித்தோம், கையெழுத்துப் போட்டோம். நாலாவது மணி எங்களுக்காக அடித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வங்கிக்குப் போனபோதுதான் அந்த மணி காதில் வேறு விதமாகக் கேட்டது. வங்கியின் வக்கீல் காகிதங்களை ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அனுமதி இல்லாத கட்டடத்துக்குக் கடன் இல்லை, நிலத்தின் ஒரு பகுதி ஏரியின் எல்லைக்குள் வரும்போல் தெரிகிறது, நானாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன் என்று சொல்லி ஃபைலை மூடினார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்களுக்கு அங்கே ஏரி இருப்பதே தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் விற்பனைக்காரர் சிரித்த முகமாகவே, அப்படி ஒரு வழக்கம் கம்பெனியில் இல்லை என்றார். ஆனால் ஒரு வழி இருக்கிறதாம். எங்கள் இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவந்தால், மறுநாளே எங்கள் பணம் எங்களுக்கு. வருகிறவர் கடன் இல்லாமல் முழுத்தொகையையும் கட்டுகிறவராக இருந்தால் அவருக்கு விலையும் குறைவு.

மாமா அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். நாலு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தினமும் ஸ்கூட்டரில் போய் ஃப்ளாட் பார்ப்பார். காலையில் பார்த்ததை மாலையில் யாரோ முடித்துவிடுவார்கள். வரிசையே இல்லாத இடத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து, நான் சொன்னேன்: "மாமா, எனக்குக் கிடைச்ச ஈஸ்ட் ஃபேஸிங் ஒண்ணு இருக்கு. எங்களுக்கு லோன் கொஞ்சம் இழுத்தடிக்குது. உங்களுக்கு லோனே வேண்டாமே. நீங்க எடுத்துக்கறீங்களா?"

இழுத்தடிக்கிறது என்ற அந்தச் சொல்லை நான் எத்தனை நாள் தேடிப் பிடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பொய் இல்லை, உண்மையும் இல்லை. வக்கீல், ஏரி, மூடிய ஃபைல் எதையும் சொல்லவில்லை. ஊரில் பாதிப்பேர் ப்ரீ-லாஞ்சில் வாங்கி நன்றாகத்தான் இருக்கிறார்கள், அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வங்கி வேண்டாம் என்ற ஒன்றை நான் என் மாமாவுக்குக் கொடுத்தேன். இதை இப்படி ஒரு வரியில் எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் சீனியாரிட்டியை எனக்குத் தரியாம்மா?" என்றார். காலனியில் யாரும் யாருக்கும் தராதது அது ஒன்றுதான். அத்தை உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்து என் வாயில் போட்டாள். அவர் வேலைக் காலம் முழுவதும் சேர்ந்தது ஒரே காசோலையில் போயிற்று. விண்ணப்பத்தில் குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் காலியாக விடும் கட்டம். மாமா அதில், "சமையல் மேடை இருபத்தெட்டு அங்குலம் போதும், மனைவி உயரம் குறைவு" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினார். விற்பனைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அலாட்மென்ட் லெட்டர் தடித்த காகிதத்தில், தங்க நிற எழுத்தில் வந்தது. மாமா அதைப் பூஜை அலமாரியில் வைத்தார். எங்கள் பணம் மறுநாளே திரும்பி வந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் என் கணவர். ஆமாம், எங்கள் தலைக்கு. நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அனுமதி வரவில்லை. முதல் வருஷம் மழை என்றார்கள், இரண்டாம் வருஷம் தேர்தல் என்றார்கள். பிறகு நிலத்தைச் சுற்றி நட்டிருந்த தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவும் அத்தையும் போலாரத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். அங்கேயும் மேடை உயரம், அங்கேயும் மணைப்பலகை. பணம் கட்டியவர்கள் வாட்ஸப் குழு வைத்து, பில்டர் வீட்டின் முன் தர்ணாவுக்குக் கூப்பிட்டார்கள். மாமா போகவில்லை. "நக்கோம்மா", வேண்டாம் என்றார் என்னிடம். "வரிசையில நிக்கறவன் கத்தினான்னு வை, பேரைக் கடைசிக்குத் தள்ளிடுவான். நம்ம டர்ன் வரும்." கத்தியவர்களில் சிலருக்குப் பாதியாவது திரும்பக் கிடைத்தது. கத்தாமல் இருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாதத்தின் முதல் திங்களன்று சலவைச் சட்டை போட்டு, இரண்டு பஸ் மாறி அந்த அலுவலகத்துக்குப் போய், பட்டியல் ஏதாவது ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார். அலுவலகம் இடம் மாறிய பிறகு அதுவும் நின்றது.

நாங்கள் அதற்குள் வேறு ஃப்ளாட் வாங்கிவிட்டோம். ஒரு தடவை சூடுபட்ட பூனைகள் அல்லவா? ஒவ்வொரு காகிதத்தையும் வக்கீலிடம் கொடுத்து, மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்து, கடன் கிடைத்த பிறகே கையெழுத்துப் போட்டோம். இப்போது அலுவலகத்தில் வீடு வாங்குகிற பிள்ளைகள் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். நாலுதான் மிச்சம் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. பொம்மையைப் பார்க்காதே, மண்ணைப் பார். பதிவு எண் இல்லாமல் பைசா கொடுக்காதே. கையில் ரொக்கம் இருந்தாலும் ஒரு வங்கிக் கடனுக்கு எழுதிப் போடு, ஏனென்றால் வங்கி தன் பணத்துக்காகத் தோண்டித் துருவுகிறபோது உன் பணத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். "எப்படி அக்கா இவ்வளவு தெரியும்?" என்று கேட்கிறார்கள். படித்தேன் என்கிறேன். பத்திரிகைகளில் வாராவாரம் வருகிறது, முதல் வீடு வாங்குகிறவர்கள் செய்யும் பத்துத் தவறுகள் என்று. அத்தனையும் சரிதான். தெரியாமல் செய்யும் தவறுகளுக்குத்தான் அதில் இடம். என்னுடையதற்கு இல்லை.

மாமா போன கார்த்திகையில் போய்விட்டார். மருத்துவமனைக் கட்டிலில்கூட, தன்னைப் பார்க்க வந்த நர்ஸிடம் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு எங்களுக்குத் தன் வீட்டையே குடுத்திருக்கு" என்று தெலுங்கில் சொன்னார். அப்போது சொல்லியிருக்கலாம். சாகிறவரிடம் சொல்லி என் பாரத்தை இறக்குவானேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு நியாயங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். பூஜை அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"இதை உன் பேருக்கு மாத்திக்கோ பாப்பா. உன்னோடதுதானே இது. எங்களுக்காக விட்டுக்கொடுத்தே. அவர் போயிட்டார், எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அத்தனை பெரிய வீடு? உன் டர்ன் திரும்பி உனக்கே வரட்டும்."

வாயைத் திறந்தேன். வக்கீல் என்ற சொல் நாக்குவரை வந்தது. வந்தது வேறு. "வேண்டாம் அத்தை. உங்க பேர்லயே இருக்கட்டும்."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போய், கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா என்று அத்தை தெலுங்கில் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.