ஒரு மீட்டர் எண்பது

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நாற்பது கட்டில்களும் திரோம்ஸோ நகரில் அப்படியே கிடக்கின்றன. அளவுநாடாவோடு போய்ப் பாருங்கள்.

தூர்கெய்ரின் கட்டடக்கலை அலுவலகத்தில் பதினோரு வருடமாக வரைபடம் போடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நகராட்சியின் புதிய முதியோர் இல்லத்தை வரையும் வேலை எங்களிடம் வந்தது. தூர்கெய்ர் அதற்கு வைத்த பெயர் 'ஒளியோடு ஓர் உரையாடல்'. இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில் ஒளி என்ன பதில் சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கறுப்புச் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே சொல்லும்போது கேட்கத் தோன்றாது.

டிசம்பர் 12. பகல் 12:40. மூன்று மணிக்குள் நகராட்சிக்கு வரைபடம் போய்ச் சேர வேண்டும். எல்லோரும் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"சக்கர நாற்காலி திரும்புற வட்டம் அறைக்குள்ள அடங்கல," என்றேன். "கட்டில் இடிக்குது."

"கட்டிலைச் சுருக்கு," என்றார் தூர்கெய்ர். "ரெண்டு மீட்டர் அஞ்சு சென்டியை ஒண்ணு எண்பது ஆக்கு. அறை மூச்சு விடும்."

"அறை விடும். படுக்கிறவங்க?"

"குன்வோர், அது கட்டில் இல்ல. கட்டிலைப் பத்தின ஒரு குறிப்பு."

"குறிப்புல எங்கப்பா கால நீட்ட முடியாதே."

"உங்கப்பா நெட்டையா வளர்ந்ததுக்கு நான் என்ன பண்ண?" கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் அப்பா அஸ்லாக். அப்போது எண்பத்தொரு வயது. உயரம் ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு. தனியாக இருந்தார், அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். கட்டப்போகிற அந்த இல்லத்தின் காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. கட்டிலோ கதவோ, ஒருமுறை வரைந்து பெயர் வைத்துப் பொதுச் சர்வரில் சேமித்துவிட்டால் போதும். அதுதான் மூலம். அதன் நகல்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மூலத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் அத்தனை நகலிலும் அதே கோடு நகரும். நகல் தன்னிஷ்டத்துக்கு எதையும் செய்யாது.

13:20. மூலத்தைத் திறந்தேன். 1.80 என்று தட்டினேன். சேமித்தேன். நாற்பது அறைகளிலும் கட்டில் சுருங்கியது. வட்டம் அடங்கியது. அறைகள் நிஜமாகவே மூச்சு விட்டன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

13:26. கட்டிலின் கால்மாட்டில், விளிம்புக்கு வெளியே, இரண்டு சிறிய வளைவுகள். நாற்பது கட்டிலிலும்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பாதங்கள்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று மூலத்தைத் திறந்தேன். அதில் பாதங்கள் இல்லை. வெறும் கட்டில், தலையணை. நகலில் இருக்கிறது, மூலத்தில் இல்லை... அப்படி ஆக வழியே கிடையாது.

அழித்தேன். புதிதாக வரைந்து, புதுப் பெயர் வைத்து, நாற்பது அறையிலும் மறுபடி வைத்தேன். 13:51.

பாதங்கள்.

இன்னும் பெரிதாக்கினேன். இடது பாதத்தில் நான்கே விரல்கள். சுண்டுவிரல் இல்லை. மீன்பிடிப் படகில் கயிறு சுற்றும் இயந்திரம் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த விரலைத்தான்.

14:02. அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க, அப்பா?"

"எங்க இருப்பேன்? அடுப்புல மீன் வேகுது. ஏன், செத்துட்டேன்னு எவனாவது சொன்னானா?"

"கால் எப்படி இருக்கு?"

"முப்பது வருஷமா ஒன்பது விரல். இன்னைக்கு எண்ணிப் பாக்கணுமா?" சிரித்தார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "அது கிடக்கட்டும். அந்தப் புது இல்லத்துல எனக்கு எடம் உண்டுதானே?"

"உண்டு," என்றேன்.

14:21. மேசைக்கு அடியில் சர்ர்... என்று ஒரு சத்தம். கம்பளியை யாரோ காலால் இழுப்பதுபோல. குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

நிமிர்ந்தேன். மேலே பார்த்திருந்த பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. நாற்பது கட்டிலிலும்.

புரண்டு படுத்திருக்கிறார்.

14:40. முடிவு செய்தேன். கட்டிலை மறுபடி 2.05 ஆக்கினேன். பாதங்கள் மறைந்தன. நாற்பது அறையிலும் வட்டம் கட்டிலில் முட்டிச் சிவப்பாக எரிந்தது. எரியட்டும். வேலை போனால் போகட்டும். நிஜமான அளவையே அனுப்பிவிடுவோம்.

14:58. 'அனுப்பு'.

அனுப்பும்போது மென்பொருள் பொதுச் சர்வரிலிருந்து மூலத்தின் கடைசி வடிவத்தை எடுத்துக்கொள்ளும். திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு: மூலம் வேறொருவரால் திருத்தப்படுகிறது.

'நிறுத்து' பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை.

தூர்கெய்ரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை.

என் கண் முன்னே கட்டில்கள் சுருங்கின.

2.00.

1.90.

1.80.

14:59. 'அனுப்பப்பட்டது.'

சர்ர்...

தூர்கெய்ர் தான் தொடவில்லை என்றார். 14:45 முதல் 15:10 வரை அவர் விருந்தில் ஒளியைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். தப்பிக்க முடியாத முப்பது பேர் சாட்சி.

நகராட்சிக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஏற்றுக்கொண்ட வரைபடத்தை மாற்ற முடியாது என்று மூன்று பதில் வந்தது. வரைபடம் பரிசு வாங்கியது. பரிசு வாங்கிய வரைபடம் பொய் சொல்லுமா? அதில் உள்ள அளவுக்கே தனியாகச் சொல்லிக் கட்டில்கள் செய்து வாங்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டேன். அவருக்கு வேறு இடம் இல்லை. முதல் வாரம் செவிலி சூல்ஃப்ரித் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது. உங்கப்பா ராத்திரியில புரண்டா... பக்கத்து அறையிலயும் புரளறாங்க."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

நான் சிரிக்கவில்லை.

சென்ற செவ்வாய், காலை 10:47. அவளிடமிருந்து போன்.

"குன்வோர், உடனே வா. அப்பாவுக்கு மூச்சு திணறுது."

"மத்தவங்க?"

அவளுக்குப் பின்னால் அழைப்பு மணிகள் அடித்தன. ஒன்றன்பின் ஒன்றாக இல்லை... ஒரே நொடியில், எல்லா அறைகளிலிருந்தும்.