பிரின்ஸுக்குப் போடாத ஊசி

ஹெக்டர் அரசாங்கக் கச்சேரியில் பியோன். சீல் குத்திய கடதாசித் துண்டு ஒன்று கையில் இருந்தால் காரியம் நடந்துமுடிந்த மாதிரித்தான் என்பது அவருடைய கொள்கை. இருபது வருடம் துண்டு சுமந்த மனிதர் வேறெப்படி நினைப்பார்?

1964இல் அமிர்தகழிக்கு நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட வந்தார்கள். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் தகடு, சொந்தக்காரருக்குத் துண்டு. தகடில்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஹெக்டரின் பிரின்ஸ் தவிட்டு நிறம்; புட்டிப்பால் ஊட்டி வளர்த்த செல்லம். ஊசி என்ற பேச்சு எடுத்தாலே ஹெக்டர் எழும்பிப் போய்விடுவார். செல்லத்தின் தொடையில் குத்துவதை நின்று பார்ப்பாரா மனிதர்?

பக்கத்து வீட்டு அன்னப்பூரணியின் நாயும் அதே நிறம். காலையில் கோயிலடியில் அது ஊசி போட்டுக்கொண்டு வந்தது. பின்னேரம் ஹெக்டர் கருவாட்டுத் தலையைக் காட்டி, அதன் தகட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு, பின்னேர ஊசி நடந்த தேவாலய வளவுக்கு அதையே தன் பிரின்ஸ் என்று கூட்டிப்போனார். பாவம், இரண்டாந்தரமும் வாங்கிக்கொண்டது. புதுத் தகடு பிரின்ஸின் கழுத்துக்குப் போனது. பழையது அன்னப்பூரணியின் நாய்க்கே திரும்பியது. ஹெக்டர் வெட்கமில்லாமல் சீட்டியடித்தார்.

இரண்டு மாதம் கழித்து, நாயின் வாயிலிருந்த நண்டு ஓட்டைப் பிடுங்கப்போன ஹெக்டரின் கையைப் பிரின்ஸ் கடித்துவிட்டது. அந்தக் கிழமைதான் பக்கத்து ஊரில் ஒருவர் விசர்நாய் கடித்துச் செத்திருந்தார். மனைவி மக்டலின் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள், துண்டையும் மறக்காமல்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி துண்டைப் பார்த்தார். "ஊசி போட்ட நாய்தானே? பயமில்ல, மருந்தக் கட்டிக்கிட்டுப் போங்க."

"அந்தோனியாரே!" என்று மக்டலின் கும்பிட்டாள். ஹெக்டர் துண்டை அப்பால் தள்ளினார்.

"ஐயா, இது ஊசி போடாத நாய்."

"துண்டில எழுதியிரிக்கே. சீலும் இரிக்கு."

"சீல் சரி ஐயா, நாய்தான் பிழை. ஊசி வாங்கினது அன்னப்பூரணிட நாய், ரெண்டுதரம். எனக்குப் போடுங்க ஐயா, நான் சாகப்போறன்!"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று, எல்லாம் வயிற்றில் என்றார் அப்போத்திக்கரி. ஹெக்டர் உட்காரும் மர வாங்கைப் பிடித்துக்கொண்டார். மனிதர் அன்று உண்மையாகவே பயந்துபோனார். சொல்ல எனக்கே பாவமாக இருக்கிறது.

மக்டலின் மட்டும் சிரிக்கவில்லை.

"இருவத்தெட்டாப் போடுங்க ஐயா," என்றாள். "அந்த வாயில்லாச் சீவன் ரெட்டிப்பா வாங்கினதுதானே."