தண்ணீர் தெளிக்கவில்லை

எங்கள் வீட்டில் ஒரு ஞானஸ்நான உடுப்பு இருந்தது. வெள்ளைத் துணி, கழுத்தைச் சுற்றி நூல் பின்னல், முதுகுப் பக்கம் மூன்று சின்னப் பொத்தான்கள். அண்ணனையும் என்னையும், சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேரையும் அந்த ஒரே உடுப்பில்தான் இலங்கை மலையகத்தில் தெமோதரைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு மகள் பிறந்து மூன்றாவது மாதம் அம்மா அதைத் துவைத்து, நிழலில் காயவைத்து, அண்ணிக்குக் கொடுத்தனுப்பினார். அடுத்த நாளே அது திரும்பி வந்தது. ஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல், ஒரு தலையணை உறைக்குள் வைத்து அண்ணியே கொண்டுவந்தார். "இது வேணாங்க அத்தை. அவ வளந்து அவளாவே கேக்கட்டும். அன்னைக்கு நானே ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. எங்கிருந்தோ வந்தவள் எங்கள் குடும்பத்துக்கு வேதம் படிப்பிக்கிறாளா என்று எனக்கு ஆத்திரம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாதம் நடந்தது. எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் பண்டாரவளையில் இருபது வருடமாகச் சரித்திரம் படிப்பிக்கிறவள். சபைக் குழுவில் செயலாளராகவும் இருந்தவள். எழுதிக் கொடுத்தேன். அதில் அனபாப்டிஸ்டுகளைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். அச்சுக்குப் போகும்முன் பார்க்கத் தந்த தாளில் அந்த நான்கு பக்கமும் ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. 'இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுக்கும் சிறு பிரிவினரும் நம் குடும்பத்தில் உண்டு.' நம் குடும்பமாம். அந்தக் குடும்பம் அவர்களை என்ன செய்தது என்று நான் எழுதிய பகுதியைத்தான் வெட்டியிருந்தார்கள்.

அவர்கள் இரண்டாம் முறை கொடுத்ததே இல்லை. 'மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பவர்' என்று பொருள்படும் அனபாப்டிஸ்ட் என்ற அந்தப் பெயரே எதிரிகள் வைத்தது. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே அல்ல, விசுவாசம் என்பது ஒருவர் அறிந்து, கேட்டு, ஏற்றுக்கொள்ள வேண்டியது, ஆகவே நாங்கள் பெறுவதுதான் முதலாவது என்றார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன் சுவிஸ் நாட்டுச் சூரிச் நகரத்தில் ஒரு வீட்டுக்குள் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்ட அந்தச் சிலர், அதுவரை சீர்திருத்தக்காரர்களோடு ஒரே மேசையில் வேதம் படித்தவர்கள். நகர சபை எப்போது அனுமதிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சபையைச் சீர்திருத்த முடியாது என்று சொன்னதால் பிரிந்தார்கள். நகர சபை அவர்களைப் பிடித்து ஆற்றில் அமுக்கிக் கொன்றது. தண்ணீர்தானே கேட்டாய், இந்தா என்கிற கேலி அந்தத் தண்டனையில் இருந்தது. கத்தோலிக்க அரசர்கள் எரித்தார்கள்; நம்மவர்கள் மூழ்கடித்தார்கள். அவர்களில் ஒரு கூட்டம் வாளெடுத்து ஒரு நகரத்தைப் பிடித்து அழிந்தும் போனது. அதையும் நான் மறைக்காமல் எழுதியிருந்தேன். எஞ்சியவர்கள் வாளை அடியோடு விட்டார்கள். யுத்தத்துக்குப் போவதில்லை, சத்தியம் செய்வதில்லை, அரசாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சபை நடத்துவதில்லை. மெனோனைட், ஆமிஷ் என்று இன்றைக்கு இருப்பவர்கள் அவர்களின் வழிவந்தவர்கள். பப்டிஸ்ட் சபை வேறு, பெந்தெகொஸ்தே சபை வேறு. எங்கள் பக்கத்திலோ எல்லோருக்கும் சேர்த்து 'முழுக்குக்காரங்க' என்று ஒரே பெயர்தான்.

இந்தச் சரித்திரம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கவில்லை. முதலில் அண்ணியிடமிருந்துதான் கிடைத்தது. அவர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய பெரியப்பாவை, பிரஜாவுரிமை இல்லையென்று மலையகத்திலிருந்து கப்பலேற்றிய ஆயிரக்கணக்கானவர்களோடு, இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்தது தெலுங்கு பேசும் ஊர். அங்கே நூற்பாலையில் வேலை செய்தபோது மெனோனைட் சபை ஒன்றில் சேர்ந்து, தெரிந்துகொண்டதையெல்லாம் தமிழில் எழுதித் தம்பிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தத் தம்பிதான் அண்ணியின் அப்பா. கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் பண்ணுகிற வேலை. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், அவருடைய அறையில் நான்கு குடும்பங்கள் கூடி அந்தக் கடிதங்களைப் படித்து, ஒரு சபையாக இருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு அவர் விண்ணப்பித்தபோது, சத்தியக் கடதாசியில் 'சத்தியம் செய்கிறேன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உறுதி சொல்கிறேன்' என்று மாற்றச் சொல்லி மூன்று தடவை கந்தோருக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, நடந்தாராம். நாடே இல்லாமல் கிடந்த மனிதர், நாடு கிடைக்கப்போகிற நேரத்தில் ஒரு சொல்லுக்காகத் திரும்பி வந்தார். அண்ணி இதைச் சொன்ன நாளில் நான் சிரித்தேன். "சத்தியம் பண்ணினாதான் உண்மை பேசுவேன்னு ஆயிருதுல்ல? மத்த நேரம் பேசுறதெல்லாம் என்னவாம்?" என்று கேட்டார்.

அண்ணி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. சாந்தமான பெண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கு வந்த பால்மா குறைந்தால் தோட்ட முகாமையாளரான துரையின் கந்தோர் வாசலில் போய் நிற்பார்; மாற்றிக் கொடுக்கும்வரை நகரமாட்டார். சண்டை கூடாது என்கிற கூட்டம், இப்படி மல்லுக்கு நிற்கலாமா என்று அண்ணன் கேலி பண்ணுவார். "கை ஓங்க மாட்டோம்னுதான் சொன்னோம். வாயத் தைச்சுக்கிட்டோம்னு சொல்லல" என்பார் அண்ணி.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது சளி பிடித்தது. இரண்டாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் விடியும்போது இறந்துபோனாள். டொக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

எங்கள் ஆலயத்துக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் தாத்தா, சித்தப்பா எல்லோரும் அங்கேதான். குழந்தையை அங்கே அடக்கம் செய்ய அண்ணன் கேட்டார். அன்று காலை அவசரமாகச் சபைக் குழு கூடியது. ஒன்பது பேர். செயலாளர் நான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு இடம் இல்லை என்றார் ஒருவர். மற்றொருவர், இன்றைக்கு இதை அனுமதித்தால் நாளைக்கு முழுக்குக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், ஒரு காலத்தில் நகரத்தையே பிடித்துக்கொண்டவர்கள்தானே என்றார். மலைத் தோட்டத்து எட்டு மாதக் குழந்தை ஒன்று அவர்களுடைய கல்லறையைப் பிடித்துக்கொள்ள வந்ததுபோல. போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். ஆபத்து நேரத்தில் எந்த விசுவாசியும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு தாதியோ வேறு யாரோ அப்படிச் செய்திருந்தால், தகப்பன் எழுதிக் கொடுத்தால் போதும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதன் அர்த்தம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

கடிதத்தை நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். 'ஆபத்து வேளையில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால்' என்று அழகாக எழுதி, லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியண்டை நின்ற அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படிக்கவே இல்லை. "அவளுக்குத் தெரிய வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையொப்பம் வைத்தார். குழந்தைக்காகத்தான் செய்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எங்கள் குடும்பத்துக் குழந்தை எங்கள் கல்லறையில் இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் எனக்கு இருந்தது.

பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆலயத்தின் இரும்புக் கேற்றண்டை போதகர் அங்கி போட்டு நின்று வாசிக்கத் தொடங்கினார். 'ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் பெற்ற இந்தச் சிறு பிள்ளையை' என்று அவர் சொன்னதும் அண்ணி முன்னால் வந்தார்.

"யாரு குடுத்தா?"

போதகர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, இப்போது வேண்டாம் அம்மா, பிறகு பேசலாம் என்றார்.

"ஐயா, நான் மூணு நாளும் கட்டிலப் புடிச்சுக்கிட்டு நின்னவ. எம்புள்ளைக்கு யாரும் தண்ணி தெளிக்கல. அவளுக்கு அது தேவையுமில்ல. பொய் சொல்லித்தான் உங்க மண்ணு கெடைக்கும்னா அந்த மண்ணு எங்களுக்கு வேணாம்."

கணவன் எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று போதகர் வேதப் புத்தகத்துக்குள் இருந்த தாளை எடுத்துக் காட்டினார். அண்ணி முதலில் அண்ணனைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். என் எழுத்து அவருக்குத் தெரியும். "நீயா எழுதுன?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. அண்ணனின் தோளிலிருந்து பெட்டியை இரண்டு கையாலும் இறக்கி, தன் மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

கூட்டத்தில் இருந்த தோட்டத் தலைவர், அதாவது எங்கள் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர், குடையை அவருடைய தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நெற்றியில் திருநீறு இட்ட மனிதர். "நம்ம மேட்டுல எடம் இருக்கும்மா. துரைகிட்ட நான் பேசிக்கிறேன். குழி பசங்க வெட்டிருவாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தேயிலை மலைக்கு மேலே தோட்டத்தின் பொது மயானத்தில் அடக்கம் நடந்தது. ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்த அண்ணியின் அப்பா ஜெபம் பண்ணினார். எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் மட்டும் பின்னால் போனார்கள். அண்ணன் போனார். நான் போகவில்லை. நான் செயலாளர், போதகருக்குப் பக்கத்தில் கேற்றண்டையே நின்றேன்.

அதற்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் ஒரே வீட்டில் பேசாமல் வாழ்ந்தார்கள், ஏறத்தாழ ஒரு வருடம். எப்படிச் சரியானது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் எங்கள் ஆலயத்துக்கு வருவதை விட்டார். அண்ணியின் ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் உள்ளே நுழையாமல் வெளியே படியில் உட்கார்ந்திருப்பார். அப்படிப் பத்து வருடம் உட்கார்ந்த பிறகு, நாற்பத்தைந்தாவது வயதில் ஓடைக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தார். அன்று நான் ரோட்டில் நின்று பார்த்தேன். இரண்டாவது தடவை எப்படி இருந்தது என்று கேட்டேன். "மொத தடவ நான் தூங்கிக்கிட்டு இருந்தேனாம், அம்மா சொல்லுவாங்க. அத எப்படிக் கணக்குல சேக்குறது?" என்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

நானோ அதே குழுவில் இருந்துகொண்டேயிருந்தேன். எனக்கு என்மேல் உள்ள கோபம் அதுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் புத்தகம் புத்தகமாகத் தேடி, அந்த மக்களின் சரித்திரத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் குழுவின் ஒன்பது பேரும், ஆற்றங்கரையில் நின்ற நகர சபைக்காரர்களும் எனக்கு ஒரே ஆட்களாகத் தெரிந்தார்கள். நகர சபைக்காரர்களும் கெட்டவர்களாகத் தங்களை நினைத்திருக்க மாட்டார்கள். ஒழுங்கைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்திலும் அழகான கையெழுத்தோடு ஒரு செயலாளர் இருந்திருப்பார்.

போன மாதம், அந்த ஒரு வரியைப் பார்த்த மறுநாள், மலர்க் குழுவின் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையை முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரையே எடுத்துவிடுங்கள் என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கோப்பில் வைத்த அந்தக் கடிதம் பொய், அதை எழுதியது நான், அதை நீக்க வேண்டும் என்றும் சொன்னேன். இப்போதிருக்கும் போதகர் இளைஞர், நல்லவர். தலைகுனிந்து கேட்டார். பழையதைக் கிளறினால் ஐக்கியம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடித்தார். ஐக்கியமாம்! யாரை வெளியே நிறுத்திவிட்டு, யாரோடு யாருக்கு ஐக்கியம்? மலர் என் கட்டுரை இல்லாமல் வெளிவந்துவிட்டது.

மலர் வெளிவந்த அன்று காலையிலேயே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அண்ணி ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நான் எழுதிய பொய்யை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன் என்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணி என்று அப்போதுதான், முதல் தடவையாக, வாய்விட்டுக் கேட்டேன். அவர் கஞ்சிக் கரண்டியைக் கோப்பையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. எங்களுக்கு அது கட்டளை. ஆனா கோவம் போகல, தெரிஞ்சுக்க. நீ குழிக்குக்கூட வரல."

குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவங்க போடாட்டி என்ன? நீயே எழுது. என் பேரு வேணாம். அந்தக் கடிதத்தப் பத்தி மட்டும் விட்றாத."

விடவில்லை.