அஞ்சலையின் தட்டுகளும் கல்வராயன் மலை முகாமும்

முகாமுக்குச் சமைப்பது கல்யாணத்துக்குச் சமைப்பது மாதிரி இல்லை. கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், முகாமில் சாப்பிட்டுவிட்டு யோசிப்பார்கள். கரண்டி பிடித்துப் பிழைக்கும் சகோதரர்களே, யோசிக்கிற ஆட்களுக்கு ஆக்கிப்போட்டு நீங்களும் நொந்திருந்தால், இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள்.

பேரம்

போன கோடையில் கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு ஒரு இளம் ஃபாதர் வந்தார். கல்வராயன் மலைமேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முகாம். தலைப்பு 'செபமும் சமூக நீதியும்'. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கம்மி, சந்தையில் மூட்டை தூக்கிப் படித்தது ஜாஸ்தி. அப்படிப்பட்ட என்னிடமே மனுஷன் தக்காளியில் தொடங்கி விறகு வரைக்கும் விலையை அடித்துப் பேசினார்.

கடைசியில், பாத்திரம் கழுவ ஆள் எதற்கு என்று அஞ்சலையில் வந்து நின்றார். அஞ்சலை கருணாபுரத்துக்காரி, என்னோடு பாத்திரம் கழுவ வருகிறவள். அந்த மாதம் வேறு வேலை எதுவும் அமையவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகளுக்குப் பையும் செருப்பும் வாங்க இந்த ஒரு வாரத்தைத்தான் நம்பியிருந்தாள். அவள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று கத்தினேன். சரி, வரட்டும், ஆனால் வேலை இல்லை என்றால் பாதியிலேயே பஸ் ஏற்றிவிட வேண்டும், செய்த நாளுக்குத்தான் கூலி என்றார். சாப்பிடுகிற இடத்தில் எச்சில் தட்டு இல்லாமல் போகுமா என்று நானும் தலையாட்டினேன். இதில் நீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"நீதியை மலைமேல பேசிக்கலாம் பாய். இங்க ரேட்டைப் பேசுவோம்."

சாம்பார் கொதிக்கும்போது உபவாசம்

மலை ஏறிய மறுநாளே பிள்ளைகளுக்கு உள்ளம் உருகிவிட்டது. ஏழைகளோடு ஒன்றிப்போக மதியச் சாப்பாட்டை விடுவதாக முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்கள் அடுப்படியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சோறு வடித்து, சாம்பாரும் தாளித்து முடித்த பிறகுதான் சேதி வந்தது. நான் போட்ட சத்தத்தில் உள்ளே பாட்டு நின்றுபோனது. மூன்று மணிக்கே ஒவ்வொருத்தராகப் பின்கதவு வழியாக வந்து, மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது வேறு விஷயம். கையில் வாழை இலையைக் கிழித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். தட்டு எடுத்தால் மாட்டிக்கொள்வார்களாம்.

அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ந்துகிடந்த பாத்திரம் கழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஒரு வேளை துன்னலன்னா, எனக்கு ஒரு நாள் கூலி போவுமா பாய்?"

வரிசையில் நின்ற தொண்டு

அதற்கடுத்த நாள் விடியற்காலைப் பிரசங்கம் தொண்டு செய்வதைப் பற்றி. சின்னசேலத்துப் பையன் ஸ்டீபன்தான் பிள்ளைகளுக்குத் தலைவன். அவன் எழுந்து, இனி அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும், இன்னொருத்தர் கையில் நம் எச்சிலைக் கொடுப்பது அநீதி என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். காலை இட்லி முடிந்ததும் குழாயடியில் வரிசை. ஒருத்தர் கழுவ இன்னொருத்தர் போட்டோ எடுக்க, தொட்டித் தண்ணீர் பாதி காலி. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போகவில்லை. அஞ்சலை யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். தெரியாமல் செய்த வேலை ஃபாதர் கண்ணில் எப்படிப் படும்? அவர் கண்ணில் பட்டது வரிசைதான். சிரித்த முகத்தோடு அடுப்படிக்கு வந்தார்.

"பிள்ளைங்களே கழுவிக்கிறாங்க பாய். நாம பேசினது ஞாபகம் இருக்கில்ல? சாயங்காலம் பஸ் இருக்கு."

பாதம் கழுவ வந்தவர்கள்

எனக்கு வந்த கோபத்தில் மதியக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பேசினது பேசினதுதான், பேரம் பேசிப் பிழைக்கிறவன் வாக்கு மாற முடியாது. அஞ்சலை மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து ஃபாதரும் பிள்ளைகளும் தண்ணீர்ச் சட்டியும் துண்டுமாக அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவினாராம். அதேபோல் உழைக்கிறவர்கள் பாதத்தைக் கழுவப் போகிறார்களாம். முதலில் என்னிடம் வந்தார்கள். நாங்கள் தொழுகைக்கு ஒரு நாளைக்கு அஞ்சு வேளை நாங்களே கழுவிக்கொள்கிறோம், எங்கள் காலை விட்டுவிடுங்கள் என்று நகர்ந்துகொண்டேன்.

ஸ்டீபன் அஞ்சலை முன்னால் மண்டி போட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என் காலு கெடக்கட்டும் தம்பி. அந்தத் தட்டை வுட்டுடுங்க. அத்த நம்பித்தான் மலையேறி வந்துகிறேன்."

பிள்ளைகள் படித்த நீதி

ஸ்டீபனுக்கு முதலில் புரியவில்லை. பஸ் விஷயத்தை நான்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அப்புறம் அத்தனை பேரும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஃபாதரைச் சுற்றிக்கொண்டார்கள். முகாமில் அதுவரை கற்ற நீதி முழுவதையும் அவர்மேலேயே இறக்கினார்கள். பாவம், சொல்லிக்கொடுத்ததே அவர்தான். காது வரைக்கும் சிவந்துபோய், அஞ்சலை கடைசி நாள் வரைக்கும் இருக்கட்டும் என்றார். ஆள் இளகியிருக்கும்போது விடுவேனா? உபவாச நாளுக்கும் சேர்த்து முழுக்கூலி, இறங்கும்போது மகளுக்கு ஒரு பலாப்பழம் என்று அங்கேயே பேசி முடித்தேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டீபன் பழக்க தோஷத்தில் தட்டோடு குழாய்ப் பக்கம் நடந்தான். அஞ்சலை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள்.

"தட்டை வெச்சிட்டுப் போயி செபம் பண்ணு தம்பி."

பிள்ளைகள் பாதியில் மனம் திருந்தினாலும் பாத்திரம் கழுவுகிறவளுக்கு முழுக்கூலி என்பதை இப்போதெல்லாம் தக்காளி விலைக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன்.