மின்னல் அனுப்பிய விசில்

தெருவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை. "அக்கா, காதுக்குள்ள விசிலடிச்சு உயிரை வாங்குது" என்று யார் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாலும், உட்கார்ந்த இடத்திலேயே அதன் வாயை அடக்கிக் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, ஒரே ஒரு விசிலை மட்டும் கேட்டே தீரவேண்டும் என்ற பைத்தியம் பிடித்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

அது வானத்திலிருந்து வரும் விசில். பூமியின் மறுபாதியில் எங்கோ மின்னல் வெட்டும். அதில் பிறக்கும் ரேடியோ அலைகளில் கொஞ்சம் விண்வெளிக்குத் தப்பிவிடும். அங்கே மின்னேற்றத் துகள்கள் மெல்லிய மூட்டம்போலப் பரவிக் கிடக்கின்றன, பிளாஸ்மா என்பார்கள். பூமியின் காந்தப்புலம் அதற்குள் அலைகளுக்குத் தடம் போட்டுக் கொடுக்கிறது. அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் வளைந்து, அவை இந்தப் பாதியில் வந்து இறங்கும். வழியில் கீச்சுச் சுருதி முந்திக்கொள்ளும், கட்டைச் சுருதி பின்தங்கிவிடும். 'டிக்' என்று கிளம்பியது 'வீயூஊஊ' என்று சறுக்கிக்கொண்டு வந்து சேரும். 

மொட்டை மாடியில் நீளக் கம்பி கட்டினாள். பழைய காதுக் கருவிகளின் பாகங்களை வைத்தே, அந்த அலைகளை ஒலியாக்கும் ஒரு ரிசீவர் செய்தாள். வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் குறுக்கே வருமென்று விடிகாலையில் மெயினையே அணைத்துவிடுவாள்.

"விசில் வருதோ இல்லையோ, எனக்கு வேர்வை வந்துடுச்சு," என்று மின்விசிறி நின்ற அறையிலிருந்து கணவன் புலம்புவான்.

வந்ததெல்லாம் பொரியும் சத்தம்தான்.

மாடியில் அறை கட்டிக் குடிவரப்போகும் நாத்தனார் கெடு வைத்துவிட்டாள். "அண்ணி, திங்கக்கிழமை கொத்தனார் வர்றார். கம்பியை அவுத்துடுங்க. இல்லேன்னா துணி காயப்போட்டுடுவேன்."

மிச்சம் இருந்தது ஞாயிறு விடிகாலை ஒன்றுதான். சனிக்கிழமை மாலை மாமனார் தன் கருவியைக் காதிலிருந்து பிடுங்கி நீட்டினார்.

"ஏம்மா, ரேடியோல புல்லாங்குழல் வாசிக்கிறான். நீட்டிப் பிடிச்சா பாதியில முழுங்கிடறான். அவனுக்கு மூச்சு இல்லையா, எனக்குக் காது இல்லையா?"

"ரெண்டும் இருக்கு மாமா. ஒத்தைச் சுருதியா நீளமா எது வந்தாலும், அது சறுக்கி இறங்கினாலும், உங்க கருவி அதை விசில்னு நெனச்சு அமுக்கிடும். அப்படி அமுக்கற சிப்பை நான்தான்..."

 கடையில் எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் அந்தச் சிப்பைத்தான் வைப்பாள். தன் ரிசீவரிலும் கை தன் பாட்டுக்கு அதையே வைத்திருந்தது!

"மாசக்கணக்கா வாசல் வரைக்கும் வந்தவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கேன் மாமா!"

"யாரம்மா அவன்?"

"மின்னல்!"

சாப்பாட்டு மேசையிலேயே ரிசீவரைப் பிரித்து, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை வைத்துச் சிப்பைப் பிய்த்தெடுத்தாள்.

விடிந்தும் விடியாததுமாக மெயினை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். ஹெட்போனில் பொரியும் சத்தம். மறுபடியும் பொரியும் சத்தம். அளவுநாடாவோடு நாத்தனார் படியேறி வந்தாள்.

"இன்னிக்காவது பாட்டு வந்துச்சா அண்ணி?"

"உஷ்!"

வந்துவிட்டது. உச்சியில் பிறந்து, மெலிந்து, இறங்கி இறங்கிக் கரைந்தது.  ஹெட்போனைக் கழற்றி நாத்தனாரின் தலையில் மாட்டிவிட்டாள்.

"ஒண்ணும் இல்லையே... ஐயோ! யாரோ மேலேருந்து சறுக்கி வர்ற மாதிரி... அண்ணி, இன்னொண்ணு!"

கீழே கணவன் மெயின் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார்தான் முதலில் பாய்ந்தாள். "அண்ணா! கையை எடு! மெயினைப் போட்டியோ, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

பிறகு நாடாவைச் சுருட்டினாள். "புது அறைக்கு மேல ரெண்டு கம்பம் நடச் சொல்லிடறேன், அதுல கட்டிக்குங்க. ஆனா காலையில முதல்ல கேக்கறது நான்தான்."

படியில் மூச்சு வாங்கியபடி மாமனார் வந்துகொண்டிருந்தார். "எனக்கும் அந்தச் சிப்பை எடுத்துடும்மா."

"அப்புறம் காதுல விசிலடிக்கும் மாமா."

"அடிக்கட்டுமே. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"